கண்டியில் விழாத கல்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் கண்டி ஆள் இல்லை. என் ஜேர்மன் கடவுச்சீட்டில் பிறந்த இடம் கண்டி என்று போட்டிருக்கிறது. என் மனைவி கௌரியின் யாழ்ப்பாணத்துச் சொந்தக்காரர்கள் ஜேர்மனியில் எங்கே கல்யாண வீடு நடந்தாலும் என்னைக் 'கண்டி மாப்பிள்ளை' என்றுதான் அறிமுகம் செய்வார்கள். இரண்டும் தப்பு. நாவலப்பிட்டிக்கு மேலே, கோணப்பாறைத் தோட்டத்து மேல்பிரிவில், தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாய்க் குடியிருக்கும் லயத்து அறை ஒன்றில் பிறந்தவன் நான். அப்பாவுக்குத் தேயிலை ஃபெக்டரியில் வேலை. அம்மா கொழுந்து எடுத்தார். கண்டி என்பது எங்களுக்கு ஏதாவது மனுவைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போகிற ஊர்.

இத்தனை வருடம் பேசாமல் இருந்துவிட்டு இப்போது எதற்கு இந்த ஆளுக்கு இவ்வளவு கோபம் என்று ஊரில் இதை வாசிக்கிறவர்கள் கேட்கலாம். காரணம் ஒரு கல்.

நான் விண்கல் சேர்க்கிறவன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளுங்கள், என் மகள் மதுராவே சிரிக்கிறாள். தபால் முத்திரை சேர்க்கிற மாதிரி, பழைய நாணயம் சேர்க்கிற மாதிரி, வானத்திலிருந்து விழுந்த கற்களை வாங்கி, விற்று, மாற்றிக்கொள்கிற கூட்டம் ஒன்று இந்த நாட்டில் உண்டு. பாலைவனத்தில் பொறுக்கிய கற்களைச் சாக்கோடு வாங்குகிற பணக்காரனும் அதில் இருக்கிறான், நகக்கண் அளவு துண்டுக்கு வருடம் முழுக்கக் காசு சேர்க்கிற என்னைப் போன்ற கடைசல் பட்டறைக்காரனும் இருக்கிறான். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. கல் எந்த ஊரில் விழுந்ததோ அந்த ஊர்ப் பெயர்தான் கல்லுக்கும் பெயர். அந்தப் பெயரும் விழுந்த கதையும் எழுதிய சிறு அட்டை கல்லோடு கைமாறும். அட்டை தொலைந்த கல்லை ஒருவரும் மதிக்கமாட்டார்கள்.

இந்த வருட விண்கல் சந்தைக்கு முன்னால் வொல்ஃப்காங் என் வீட்டுக்கு வந்தான். பட்டறையில் என் பக்கத்து மெஷினில் வேலை செய்தவன், இந்தப் பைத்தியத்தை எனக்கு ஒட்டவைத்தவனும் அவன்தான். ஒரு சின்னக் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து மேசையில் வைத்தான். சாம்பல் நிறத்தில் வெள்ளைப் புள்ளி விழுந்த ஒரு துண்டு. சந்திரனிலிருந்து பெயர்ந்து வந்து பாலைவனத்தில் விழுந்த கல்லின் துண்டு. அதற்காக எத்தனை வருடம் ஏங்கினேன் என்பது அவனுக்குத் தெரியும். என் கையில் இருக்கிற தோட்டத்துக் கல்லைக் கொடுத்தால் இதைத் தருகிறேன் என்றான்.

"ஆனால் அட்டையைக் கொஞ்சம் சரிபண்ண வேண்டும். கோணப்பாறையை யாருக்குத் தெரியும்? கண்டி என்று போடு. விழுந்ததை ஒருவர் கண்ணால் பார்த்தார் என்று ஒரு வரி சேர். எல்லோரும் ஓடிப்போனார்கள் என்கிற கதையை விட்டுவிடு. அது வாங்குகிறவனுக்குச் சங்கடம்."

மறுபடியும் கண்டி!

2

கல் விழுந்த கதையைச் சொல்கிறேன்.

எழுபத்தேழில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், எங்கள் லயத்துக்குக் கல்லெறி விழுந்தது. எண்பத்தொன்றில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை, ஆனால் வேறு தோட்டங்களில் நடந்தது காதில் விழுந்துகொண்டே இருந்தது. அதனால் தகரத்தில் 'டங்' என்று சத்தம் கேட்டால் பிள்ளையைத் தூக்கு, ஓடு என்பதுதான் எங்களுக்கு வளர்ந்த பழக்கம். எந்தப் பாதையால் ஓடுவது, யார் கிழவியைப் பிடிப்பது என்றெல்லாம் பேசி வைத்திருந்தார்கள். நாய்க்குக் கூடத் தெரியும்.

எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்துக்குச் சில மாதம் முந்தி, வெயில் நாள், ஞாயிற்றுக்கிழமை. ஆட்கள் எல்லோரும் லயத்தில்தான் இருந்தோம். திடீரென்று கல்குவாரியில் வெடி வைத்த மாதிரி இரண்டு சத்தம். தொடர்ந்து மலை முழுக்க ஒரு உறுமல். அது அடங்குவதற்குள் எங்கள் கூரைத் தகரம் பிய்ந்து, அடுப்படியில் எதுவோ விழுந்த சத்தம்.

"வந்துட்டானுங்கடா!" என்று யாரோ கத்தினார்கள். அவ்வளவுதான். தேயிலைக்குள் புகுந்து மலை ஏறி மானாப்புல் காட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டோம். அம்மா கையில் அகப்பை இருந்தது, சோறு அடுப்பில் இருந்தது. பொழுது சாயும் வரைக்கும் ஒருவரும் தலை தூக்கவில்லை. ஒருவரும் வரவும் இல்லை.

வானத்திலிருந்து கல் விழுவது உலகத்தில் எத்தனை பேருக்குக் கிடைக்கிற காட்சி! அந்த நேரத்தில் அண்ணாந்து பார்த்திருந்தால் பட்டப்பகலில் நெருப்பு ஓடுவதைப் பார்த்திருப்போம். நாங்கள் ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. கல் என்றால் அதற்குப் பின்னால் ஆள் வருவான் என்றுதான் எங்களுக்குத் தெரியும்.

அப்பாதான் முதலில் திரும்பிப் போனார். அடுப்படி மண்தரையில் விளாம்பழம் அளவில் கன்னங்கரேலென்று ஒரு கல் புதைந்து கிடந்தது. தூக்கினால் அளவுக்கு மீறிய பாரம். ஈயம் உருக்கிச் செய்திருக்கிறான்கள் பாவிகள் என்று அம்மா அழுதார். மறுநாள் அப்பா கல்லைத் துணியில் சுற்றிக்கொண்டு பொலிசுக்குப் போனார்.

"யாரு எறிஞ்சது?" என்று கேட்டார்களாம்.

"பாக்கலீங்க ஐயா. ஓடிட்டோம்."

"பாக்காம எப்படி எழுதுறது? போ."

அப்பா திரும்பி வந்து கல்லைத் தகரப்பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். "கெடக்கட்டும். என்னைக்காவது ஒரு நாளைக்கு விசாரணைன்னு ஒண்ணு வரும். அன்னைக்கு எடுத்துக் காட்டுவேன். இதாங்க எங்க வீட்டுல விழுந்த கல்லுன்னு."

ஆடியில் உண்மையாகவே வந்தார்கள். கல்லோடு வந்தார்கள், மண்ணெண்ணெயோடும் வந்தார்கள். லயம் எரிந்தது. அம்மா ஒரு போர்வையை எடுத்தார். அப்பா அந்தக் கல்லை எடுத்தார். பிறப்புச் சான்றிதழ், பள்ளிக்கூடத்துப் புத்தகம், அம்மாவின் கல்யாணச் சேலை எல்லாம் உள்ளே எரிய, சாட்சிப்பொருள் என்று அந்தக் கல்லைத்தான் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஓடினார் மனிதர். அன்றைக்கு அவர் மேல் எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. இன்றைக்கு நினைத்தால் அந்த ஆளுக்குக் கோயில் கட்டலாம் என்று தோன்றுகிறது.

3

கண்டிக்குப் பக்கத்தில் கெலிஓயாவில் அப்பாவுக்குப் பழக்கமான முஸ்லிம் முதலாளி ஒருவர் தன் இரும்புச் சாமான் கடைக்குப் பின்னால் ஒரு அறையைத் தந்தார். "வாப்பா இருந்தாலும் இதத்தான் செஞ்சிருப்பாரு, உள்ள வாங்க" என்றார், வேறு ஒன்றும் கேட்கவில்லை. அக்கா ராசம்மா இன்றைக்கும் கெலிஓயாவில்தான் இருக்கிறாள், சொந்தமாகத் துணிக்கடை வைத்திருக்கிறாள். கடன் சொல்கிறவன் அந்தத் தெருவுக்கே வரமாட்டான், அப்படி ஒரு வாய்.

அங்கிருந்துதான் அப்பா கண்டிக்கு நடையாய் நடந்தார். குட்ஷெட் பஸ் நிலையத்தில் இறங்கி, அரசாங்கக் கந்தோர் வாசலில் வரிசையில் நின்று, எங்களைப் போன்ற தோட்டத்து ஆட்களுக்கு மறுக்கப்பட்டிருந்த பிரஜாவுரிமைக்கு மனுக் கொடுப்பார். பிறந்தது இங்கேதான் என்றால், பார்த்த சாட்சி யார் என்பார்கள். உன் அப்பன் பிறந்ததற்கு என்ன அத்தாட்சி என்பார்கள். மலையை வெட்டித் தேயிலை போட்டவனுக்கு அத்தாட்சி கேட்டார்கள், பாருங்கள். மலை அங்கேதானே இருக்கிறது!

நான் போர் தொடங்கிய பின்னால் கிழக்கு பெர்லின் வழியாக இங்கே வந்து சேர்ந்தேன். அகதி விசாரணையில் மொழிபெயர்க்க வந்த யாழ்ப்பாணத்து அண்ணன் நல்ல மனிதர்தான். ஊர்ப் பெயர் கேட்டபோது, "கண்டி எண்டு சொல்லும் தம்பி, அதெண்டால்தான் அவையளுக்கு விளங்கும்" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லியும் விட்டார். அன்றைக்கு எழுதின அந்தக் 'கண்டி', ஒரு அடையாள அட்டையிலிருந்து அடுத்த அட்டைக்கு ஏறிக் கடவுச்சீட்டு வரைக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது.

அதை மாற்ற நான் எடுத்த பாடு! எனக்கு அப்போது தெரிந்த ஜேர்மன் எல்லாம் பட்டறையில் படித்தது. நகரசபைக் கந்தோருக்குப் போய், "என் பிறந்த இடம் பழுதாகிவிட்டது, ரிப்பேர் செய்து தாருங்கள்" என்று கேட்டேன். அந்தப் பெண் சிரிப்பை அடக்க முடியாமல் மேசைக்குக் கீழே குனிந்துவிட்டாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூலச் சான்றிதழ் கொண்டு வாருங்கள் என்றாள். எரிந்துவிட்டது என்றேன். எரிந்ததற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்றாள். சரிதான் போ என்று எழுந்து வந்துவிட்டேன்.

தொண்ணூறுகளில் அப்பா செத்ததற்கு ஊருக்குப் போனேன். யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம், பஸ்ஸுக்குப் பஸ் இறக்கிச் சோதனை. திரும்பும்போது அக்கா அந்தக் கல்லை என் கையில் வைத்தாள். "அப்பா கடைசி வரைக்கும் விசாரணை, விசாரணைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாரு. நீ கொண்டு போ. அங்கயாவது எவனாச்சும் கேக்குறானான்னு பாப்போம்."

கண்டி தாண்டி ஒரு சோதனைச் சாவடியில் சின்ன வயதுப் பட்டாளத்தான் ஒருவன் என் பையைக் கொட்டினான். கல்லைத் தூக்கிப் பாரம் பார்த்தான், பிறகு காதில் வைத்துக் கேட்டான். கல் என்றேன், எங்கே கொண்டு போகிறாய் என்றான், ஜேர்மனிக்கு என்றேன்.

"ஏ ரட்டே கல் நெத்த?"

அந்த நாட்டில் கல் இல்லையா என்று சிங்களத்தில் கேட்கிறான்! கூட நின்ற பட்டாளமெல்லாம் சிரித்தது. நானும் சிரித்தேன். விட்டுவிட்டான், தப்பினேன்.

இங்கே வந்து பட்டறை மேசையில் வைத்திருந்தபோது ஒரு நாள் காந்தம் அதில் ஓடிப்போய் ஒட்டிக்கொண்டது. வொல்ஃப்காங் பார்த்தான். கறுத்த தோல் ஓரத்தில் உடைந்திருந்த இடத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே கதிரையில் உட்கார்ந்துவிட்டான். பல்கலைக்கழகத்தில் ஒரு ஓரம் அறுத்துப் பார்த்தார்கள். சந்தேகமே இல்லை, விண்கல் என்றார்கள். அப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அவர் கடைசி வரைக்கும் எறிந்தவனைத் தேடிக்கொண்டே போய்விட்டார்.

4

விண்கல் சேர்ப்பவர்களின் சங்கத்துக்கு வருகிற பத்திரிகைக்காரர்கள் எல்லோரும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள். 'இந்தக் கல்லும் உங்களைப் போல ஒரு அகதிதானே?' கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. கல் அது பாட்டுக்கு வானத்திலிருந்து விழுந்தது, அதை யாரும் விரட்டவில்லை. நான் விரட்டப்பட்டு, கடன்பட்டு, சீட்டுப் பணம் எடுத்து வந்தவன். இரண்டும் எப்படி ஒன்றாகும்?

சரி, சந்திரனுக்கு வருகிறேன். வொல்ஃப்காங் கேட்டதை வீட்டில் சொன்னேன். கௌரி சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"கண்டி எண்டு போட்டால் என்னப்பா குறைஞ்சு போகும்? உங்கட கடவுச்சீட்டிலையும் அப்பிடித்தானே கிடக்குது."

"குறையும்."

"என்ன குறையும்? பிள்ளைக்குச் சம்பந்தம் பேசேக்க தோட்டம், லயம் எண்டு வெளியாலை வந்தால் ஆர் என்ன கதைப்பினமோ. பரம் அண்ணை அதுக்குத்தானே உப்பிடிச் சொல்லி வைச்சிருக்கிறார்."

பரம் அவளுடைய மூத்த அண்ணன், பக்கத்து நகரில் தமிழ்ச் சாமான் கடை வைத்திருப்பவர், இங்குள்ள எங்கள் ஆட்களுக்குள் பெரிய மனிதர். என்னைக் கண்டிக்காரன் ஆக்கி ஊருக்குள் உலவவிட்டவர் அவர்தான். கௌரி கெட்டவள் இல்லை. என்னைக் கட்டுவதற்காக அவள் தன் வீட்டோடு போட்ட சண்டை எனக்குத் தெரியும். சண்டை பிடித்து என்னைக் கட்டினாள், ஆனால் லயத்தை மறைத்தாள். மதுரா தட்டிலிருந்து தலை எடுக்காமல், எனக்குச் சம்பந்தம் பேச உங்களை யார் கேட்டது என்று ஜேர்மனில் சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அந்தச் சந்திரன் வேண்டியிருந்தது. பெட்டிக்குள் அது கிடந்த அழகு கண்ணுக்குள்ளேயே நின்றது. கண்டி என்று போடமாட்டேன். அது முடிந்த பேச்சு. ஆனால் பார்த்த சாட்சி ஒன்று மட்டும் கிடைத்தால் வொல்ஃப்காங்கிடம் பேரம் பேசலாம் என்று கணக்குப் போட்டேன். கல் விழுந்தபோது அக்காதான் வெளியே, பீலியடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு நின்றவள். கௌரியும் பக்கத்தில் இருக்க, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டு அக்காவைக் கூப்பிட்டேன்.

"அக்கா, அன்னைக்கு நீ வெளியில தானே நின்ன. வானத்துல வெளிச்சமா ஏதாவது பாத்தியா?"

"எங்க பாத்தேன்? கொடத்தப் போட்டுட்டு ஓடுனேன்."

"பாத்தேன்னு ஒரு வார்த்தை சொல்லேன். இங்க எழுதிக்கிறோம். வேற ஒண்ணும் வேணாம்."

கடைக்குள் யாரிடமோ, அந்தச் சீத்தைத் துணியை மடிச்சு வை என்று சொன்னாள். பிறகு என்னைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, அப்பா எதுக்குடா அந்தக் கல்லக் கட்டிக்கிட்டுச் செத்தாரு? ஒரு விசாரணை வரும்னுதானே? பொலிசு கேக்கல, கவுருமெண்டு கேக்கல. இப்பத்தான் மொத மொதல்ல ஒரு மனுசன் என்ன நடந்துச்சுன்னு கேக்குறான். அவன்கிட்டப் போயிப் பொய் சொல்லச் சொல்றியா?"

"அவன் கேக்குறது அதில்லக்கா. ஓடுனோம்னு எழுதுனா வாங்குறவனுக்கு..."

"ஓடுனோம்! ஓடுனத ஓடுனோம்னுதான் சொல்லுவேன். அதுல எனக்கென்னடா வெக்கம்? ஓட வச்சவன் வெக்கப்படட்டும். வை ஃபோன, யாவாரம் நடக்குது."

வைத்துவிட்டாள். எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கௌரி ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு தேத்தண்ணி வைக்கப் போனவள், அடுப்பைப் பற்ற வைக்காமல் கேத்தலைப் பிடித்தபடி சொன்னாள்: "நாங்களும் ஓடினனாங்கள்தானே. ஷெல் அடிக்கேக்க அம்மாவின்ரை ஒரு செருப்பு வழியிலை விட்டுப் போச்சு. திரும்பிப் பாக்கேல்லை."

இருபது வருடத்துக்கு மேல் சேர்ந்து வாழ்கிறோம், செருப்பைப் பற்றி அன்றைக்குத்தான் சொன்னாள். நான் கேத்தலை அவள் கையிலிருந்து வாங்கி அடுப்பில் வைத்தேன்.

வொல்ஃப்காங் மறுபடி வந்தபோது முடியாது என்று சொன்னேன். "ஒரு வரிக்காகச் சந்திரனை விடுகிறாயா?" என்றான். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிவிட்டுத் தேநீர் குடித்துவிட்டுப் போனான். அவனுக்கு இன்று வரைக்கும் விளங்கவில்லை. நட்பு இருக்கிறது, அதில் குறையில்லை.

5

சந்தை எங்கள் பேட்டையின் உடற்பயிற்சி மண்டபத்தில். நீட்டு மேசைகள், கண்ணாடிப் பெட்டிகள், கையில் காந்தத்தோடு அலைகிற கிழவன்கள். என் கல்லை நடுவில் வைத்தேன். அட்டையை நான் தமிழில் எழுதினேன், மதுரா ஜேர்மனில் எழுதித் தந்தாள். ஒன்றுக்கு இரண்டு தடவை என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள், சிரிக்கவில்லை. இரண்டையும் கல்லுக்கு முன்னால் சாய்த்து வைத்தேன். எனக்கு எதிர் மேசையில் வொல்ஃப்காங்கின் சந்திரனை முனிக்கிலிருந்து வந்த ஒருவன் வாங்கிக்கொண்டு போனான். வயிறு எரியத்தான் செய்தது. எரியட்டும்.

மத்தியானம் பரம் மச்சான் வந்தார். மாப்பிள்ளையின் கல் கண்காட்சியில் இருக்கிறது என்று பெருமையாகத் தமிழ்ச் சங்கத்து ஆட்கள் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். "இவர்தான் எங்கட கண்டி மாப்பிள்ளை" என்று தொடங்கியவர், குனிந்து தமிழ் அட்டையைப் பார்த்தார். வாய்க்குள் இரண்டு வரி வாசித்தார். முகம் மாறிவிட்டது. அட்டையை மெல்ல எடுத்துக் கவிழ்த்து வைத்தார்.

"மச்சான், உதென்ன லயம், தோட்டம் எண்டு எழுதி வைச்சிருக்கிறியள்? ஓடிப்போனம் எண்டு வேற. நாலு பேர் வாற இடம். கண்டி எண்டு போட்டால் வடிவாய் இருந்திருக்குமெல்லே?"

எனக்கு வந்த கோபத்துக்கு அந்த மேசையையே புரட்டியிருப்பேன். வாயைத் திறந்தேன். அதற்குள், மேசைக்குப் பின்னால் என்னோடு இருந்த கௌரி எனக்கு முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணை, இவர் கண்டி இல்லை. தோட்டம். கோணப்பாறைத் தோட்டம். லயத்திலை பிறந்தவர்."

"மெல்லக் கதை பிள்ளை, ஆக்கள் நிக்கினம்."

"நிக்கட்டும். கேக்கட்டும். நாங்கள் ஓடினதை இஞ்ச அகதி விசாரணையிலை சொல்லித்தானே அண்ணை விசா எடுத்தனாங்கள்? நீங்கள் அழுதழுது சொன்னீங்கள், நான்தானே பக்கத்திலை இருந்தனான். நாங்கள் ஓடினால் அது கேஸ். அவையள் ஓடினால் வெக்கமோ?"

மண்டபத்தில் எங்களைச் சுற்றி நின்ற வெள்ளைக்காரர்கள் கூடத் திரும்பிப் பார்த்தார்கள். கௌரி கவிழ்ந்து கிடந்த அட்டையை எடுத்தாள். அண்ணனின் கையில் திணித்தாள்.

"வாசியுங்கோ. சத்தமாய் வாசியுங்கோ."

சங்கத்து ஆட்கள் இருவரும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். பரம் மச்சான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டார். தொண்டையைச் செருமினார். பிறகு வாசித்தார்.

"கோணப்பாறைத் தோட்டம், மேல்பிரிவு, நாவலப்பிட்டி. எங்கள் லயத்துக் கூரையில் பகலில் விழுந்தது. விழுந்ததை எவரும் பார்க்கவில்லை. அடிக்க வருகிறார்கள் என்று எண்ணி எல்லோரும் ஓடிவிட்டோம். எங்கள் கூரையில் விழுந்த கற்களில் மனிதர் எறியாதது இது ஒன்றுதான்."

"இன்னொருக்கா வாசியுங்கோ" என்றாள் கௌரி.